ஊசி அக்கா மேடேறினாள்

ஊசி அக்காவைக் கண்டால் ஆடுகளுக்கு ஆகாது. தெருமுனையில் அவள் தலை தெரிந்தால் போதும், அதுவரை பரம சாதுவாக இலை மென்றுகொண்டிருந்த கிடாகூடத் தன் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிடும். கால்நடை மருத்துவமனையில் அவளுக்கு உதவியாளர் வேலை. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் நினைவில் இல்லை. அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

கீழே மருத்துவமனையில் அவள் எடுபிடி. பஞ்சைக் கொண்டா, மாட்டைப் பிடி, தரையைக் கழுவு. வீட்டில் பஸ் டிரைவரின் மனைவி. ஆனால் வாரம் ஒருநாள் ஜீப்பில் ஏறி மேட்டு வீடுகளுக்குப் போய் இறங்கினால் அவள் நடையே மாறிவிடும். மலை மேல் சிதறிக் கிடக்கும் அந்த வீடுகளுக்கு டாக்டர் வருவதில்லை. ஆட்டுக்குக் கழிச்சலா, மாட்டுக்கு மடி வீக்கமா, அங்கே அக்கா சொன்னதுதான் தீர்ப்பு. ஆடுகளைக் கட்டி வைத்துக்கொண்டு நாலு பேர் தன்னை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

அந்த வருஷத்து மழை கர்வத்தில் கை வைத்தது. ஜீப் ரோடு இருந்த சரிவு ஒரு ராத்திரியில் வழுக்கி ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டது. மீதி இருந்தது ஓடைக்கு இந்தப் பக்கமாக ஏறுகிற ஆட்டுத் தடம் ஒன்றுதான். ஒரு பாயைக் குறுக்கே விரித்தால் விளிம்பு வெளியே தொங்கும், அவ்வளவு அகலம். ரோடு எப்போது சரியாகும் என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கலாம் என்றால் இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம்.

அக்கா விடவில்லை. தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்திருந்தது. பெட்டியைத் திறந்தாள். ஐஸ் தண்ணீராகி, தண்ணீரும் வெதுவெதுப்பாகி, அதில் மருந்துக் குப்பிகள் மிதந்துகொண்டிருந்தன. குளிர் போன மருந்தைப் போடுவதும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான். கட்டி வைத்திருந்த ஆடுகள் பார்க்க, ஆட்டுக்காரர்கள் பார்க்க, ஒவ்வொரு குப்பியாக உடைத்து மண்ணில் ஊற்றிவிட்டு வந்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

டாக்டர் கெட்டவர் இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசினார்.

"கீழ்ப்பக்கம் ஆட்டுக்கொள்ளை நோய் ஆரம்பிச்சிருச்சு. அடுத்த சுற்று ஊசி மேட்டு வீடுகளுக்குப் போய்ச் சேரலைன்னா ஒரு ஆடு மிஞ்சாது. பக்கத்து ஆஸ்பத்திரில மோட்டார் சைக்கிள் ஓட்டுறவர் ஒருத்தர் இருக்கார். மேட்டை அவர்கிட்ட குடுத்துடலாம். நீங்க டவுன்ல மருந்து ஸ்டோர்ல உக்காந்துக்கங்க. நிழல்ல வேலை."

"எனக்கு நிழல் வேணாம் டாக்டர்."

"வேற என்ன செய்யப் போறீங்க?"

"நான் வண்டி கத்துக்கிறேன்."

பக்கத்தில் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்த கம்பவுண்டர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்க மூக்கைச் சொறிந்தார். அடுத்த சுற்று மருந்து வரும்வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் முடியவில்லை என்றால் மேடு கைமாறிவிடும்.

அக்காவுக்கு வண்டி புதிதல்ல. கல்யாணம் ஆன நாளிலிருந்து கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறவள்தான். ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, சந்தைக்கும் போவாள், சாவுக்கும் போவாள். முன்னால் உட்காரும் யோசனை இத்தனை வருஷத்தில் அவளுக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

பஸ்காரர் என்று ஊரே கூப்பிடும் அவர், மலைப் பாதையில் பஸ் ஓட்டி ஒரு கீறல் வாங்காதவர். அந்தப் பெருமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறவர். மனைவி விஷயத்தைச் சொன்னதும் முதலில் வாயைப் பிளந்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டினார்.

"கத்துக்கணும்னு ஆயிடுச்சுல்ல. என்கிட்ட கத்துக்கிறதுக்கு என்ன குறைச்சல்?"

குறைச்சல் ஒன்றும் இல்லை. சமதரையில் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். பஸ் நிறுத்தும் மைதானத்தில் அவள் வட்டம் போட்டாள், எட்டுப் போட்டாள், கியர் மாற்றினாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். பஸ்காரர் அந்தக் கைத்தட்டல் தமக்குத்தான் என்பது போலத் தலையாட்டிக்கொண்டார்.

வினை சரிவில்தான் ஆரம்பித்தது. ஆட்டுத் தடத்தின் அடிவாரத்துக்குப் போனதும் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். "நான் பின்னாடி இருக்கேன், பயப்படாத" என்றார். சொன்ன வாய் மூடவில்லை. "பிரேக்கு! பிரேக்கு! கிளட்சைப் புடி! இடது பக்கம்! அங்க இல்ல, இடது!" முதல் ஏற்றத்திலேயே, கிளையை எட்டிப் பிடிக்க ஆடு முன்னங்காலைத் தூக்குமே, அந்த மாதிரி முன் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. அடுத்த கணம் வண்டி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், பஸ்காரர் புதருக்குள்.

மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. எவ்வளவு மெதுவாகப் போனாலும் விழுந்தாள், எவ்வளவு வேகமாகப் போனாலும் விழுந்தாள். விழுந்து விழுந்து முழங்கை சிராய்த்து, இடுப்பு கன்றிப்போனது. சாயங்காலம் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொள்வாள். மாட்டுச் சுளுக்குக்கு என்று மருத்துவமனையில் தரும் களிம்பை எடுத்துப் பஸ்காரர் தேய்த்துவிடுவார். தம் முழங்காலிலும் கொஞ்சம் பூசிக்கொள்வார்.

"மாட்டுக்குப் போடுறதுங்க அது."

"கேக்குதுல்ல, பேசாம படு" என்றவர், தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "இந்தா பாரு. எல்லாருக்கும் எல்லாம் வரணும்னு இல்ல. உனக்கு இது வராது. ஸ்டோர்ல உக்காந்தா என்ன, குடியா முழுகிடும்?"

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் சொல்வது சரிதானோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. அதுதான் உடம்பு வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

திருப்பம் வந்தது பால் கேன் சத்தத்தோடு. மேட்டு வீடுகளிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலைக் கட்டிக்கொண்டு தினமும் அந்தத் தடத்தில் இறங்குகிற ஒரு பெண் இருந்தாள். காலி கேன்கள் தடதடவென்று மோத அவள் ஏறும் சத்தம் அரை மலைக்குக் கேட்கும் என்பதால் அவளுக்கு டமாரம் என்று பெயர். அன்று காலை வழக்கம்போல் அக்காவும் பஸ்காரரும் தடத்தின் நடுவில் வண்டியோடு சேர்ந்து மல்லாந்து கிடந்தபோது, இரண்டு பக்கமும் நிறை கேன்களோடு மேலிருந்து இறங்கி வந்தாள். வண்டியை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். கீழே விழுந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்ற நாகரிகமெல்லாம் அவளிடம் கிடையாது.

"அக்கா, நாலு நாளா மேலேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க. அந்த வண்டில வேண்டாதது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"என்ன?" என்றார் பஸ்காரர், எஞ்சினைக் குனிந்து பார்த்தபடி.

"நீங்கதான் அண்ணா."

பஸ்காரரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டமாரம் கண்டுகொள்ளவில்லை. ஏற்றத்தில் கனம் பின்னால் இருந்தால் முன் சக்கரம் தரையில் நிற்காது என்றாள். அவர் கனத்துக்கு, தானே ஓட்டினாலும் வண்டி விழத்தான் செய்யும் என்றாள். "ஏறும்போது எங்கிட்ட காலி கேன்தான் அண்ணா. அதையும் முன்னால தள்ளித்தான் கட்டுவேன்."

அக்கா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மெதுவாகத்தான் உறைத்தது. இத்தனை நாள் தன்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது மலையும் இல்லை, தன் கையாலாகாத்தனமும் இல்லை. தன்னைக் காப்பாற்றுவதற்காகப் பின்னால் உட்கார்ந்திருந்த மனுஷன்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நீங்க எறங்கிக்கங்க" என்றாள் கணவரிடம்.

"நான் கீழதான நிக்கிறேன்."

"இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே ஏறாதீங்கன்னு சொல்றேன்."

"நீ தனியா விழுந்தா?"

"நீங்க இருந்தப்பவும் விழுந்தேனே. இப்ப ஒரு ஆள் குறைச்சலா விழுவேன்."

பஸ்காரர் ஓடையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். "எனக்குப் பாக்கப் பயமா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனாலும் விட்டுக் கொடுக்கவில்லை.

"அப்ப பாக்காதீங்க. போய் பஸ்ஸை எடுங்க."

அன்றிலிருந்து டமாரம்தான் வாத்தியார். பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அடிவாரத்தில் நிற்பாள். வயதில் அக்காவின் மகள் மாதிரி இருப்பாள், அதட்டலில் மாமியார் மாதிரி. முதல் வேலையாக இரண்டு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். காற்று குறைந்த டயர் கல்லைக் கவ்வும் என்றாள். தினமும் காலையில் பஸ் டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டி எடுக்காத பஸ்காரர் அன்று சாயங்காலம் அந்த டயர்களைப் பார்த்துவிட்டுச் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்தது, உட்காராதே என்றாள். கால் வைக்கும் கட்டை மேல் எழுந்து நில், முட்டியால் டாங்க்கை இறுக்கு, முழங்கையை விரி, ஏறும்போது முன்னால் சாய், இறங்கும்போது பின்னால் போ. அதற்கும் அடுத்து அவள் கற்றுக்கொடுத்ததைக் கேட்டால் யாருக்கும் விநோதமாகத்தான் இருக்கும். ஏறுவதைச் சொல்லித் தரவே இல்லை. ஏற முடியாமல் பாதியில் நிற்பதைச் சொல்லிக் கொடுத்தாள்.

"வேணும்னே பாதில நிறுத்துங்க அக்கா. நின்னதும் கிளட்சைப் புடிச்சீங்கன்னா சறுக்கிக்கிட்டுப் பின்னாடி போயிரும். எஞ்சின் கியர்லயே அணையட்டும், கியரே புடிச்சுக்கும். முன் பிரேக்கையும் அழுத்திக்கங்க. வண்டிய மேட்டுப் பக்கமா சாச்சுக்கிட்டு, கிளட்சைக் கொஞ்சம் புடிச்சு விடுங்க, கொஞ்சம் புடிச்சு விடுங்க. வண்டி சாண் சாணா பின்னாடி வந்து தானா குறுக்க திரும்பும். அப்புறம் கீழ எறங்கி மறுபடி ஏறுங்க."

"எதுக்கு இதை முதல்ல?"

"திரும்பி வரத் தெரிஞ்சிருச்சுன்னா பயம் போயிரும்ல."

போனது. பாதிச் சரிவில் நின்று, சாய்ந்து, சாணளவு சாணளவாகப் பின்வாங்கி, திருப்பி, இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி வேண்டுமென்றே தோற்று அவள் பழகினாள். மிரட்டிக்கொண்டிருந்த சரிவு மெல்ல மெல்ல வெறும் சரிவாகிவிட்டது.

ஆனாலும் ஒரு வம்பு தீரவில்லை. நேர் ஏற்றத்தில் ஜம்மென்று போகிறவள் வளைவு வந்ததும் கட்டை மாதிரி விறைத்துக்கொள்வாள். முக்கால் மேட்டில், தடத்தின் நட்டநடுவில் ஒரு கல் நின்றது. ஒதுங்கிப் போனாலும் விடாமல் வம்புக்கு வருவதால் அக்கா அதற்கு நாத்தனார் என்று பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் நேராகப் போய் நாத்தனார் மேல்தான் மோதுவாள். டமாரம் ஒருநாள் அந்தக் கல்லின் மேலேயே ஏறி நின்று, அக்கா வருவதை முகத்துக்கு நேராகப் பார்த்தாள். கடைசி நொடியில் எகிறிக் குதித்தவள் கத்தினாள்.

"அக்கா! கண்ணை மூடுறீங்க!"

அக்கா இல்லவே இல்லை என்று சாதித்தாள். பிறகு யோசித்துப் பார்த்தாள். பின் சீட்டில் உட்கார்ந்து போன அத்தனை வருஷமும் வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வது அவள் பழக்கம். மூடித் திறப்பதற்குள் கணவர் வளைத்துவிட்டிருப்பார். வளைக்க வேறொருவர் இருக்கிறார் என்று அவள் உடம்பு இன்னமும் நம்பிக்கொண்டிருந்தது. அசடு வழியச் சிரித்தாள்.

டமாரம் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். எதிரே தெரிவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். கண்ணை மூடினால் வாயும் நின்றுவிடும். கல்லைப் பார்க்கலாம், ஆனால் கல்லிலேயே கண்ணை வைக்கக் கூடாது. போக வேண்டிய வழி எதுவோ அதைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். அன்று முதல் மலையில் புதிதாக ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. "கல்லு! வேரு! பள்ளம்! சேறு! நாத்தனாரு! வலது பக்கம் வழி!" மேட்டு வீட்டு ஆடுகளெல்லாம் காதைத் தூக்கிக்கொண்டு கீழே பார்த்தன.

"எங்க அக்கா காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க?" என்று பஸ்காரர் கேட்டார். அதைத் தவிர அவர் அந்த நாட்களில் வேறு எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வந்து, வண்டிச் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார். வராது என்று அவர் சொன்ன வார்த்தையை இருவருமே அப்புறம் எடுக்கவில்லை.

மருந்து வந்தது. டாக்டர் ஐஸ் பெட்டியை அவள் கையில் கொடுக்குமுன் தயங்கினார். பக்கத்து ஆஸ்பத்திரிக்காரரையும் வரச் சொல்லி வைத்திருந்தார். அவர் மருத்துவமனை வாசலில் ஹெல்மெட்டோடு தயாராக நின்றார். இந்த முறையும் மருந்து கெட்டால் மேடு மட்டுமா போகும், மேட்டு வீடுகளின் ஆடுகள் மொத்தமும் போகும். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்கா பெட்டியை வாங்கிச் சீட்டின் நடுவில், தன்னை ஒட்டினாற்போல இறுக்கிக் கட்டினாள்.

அடிவாரத்தில் பஸ்காரர் நின்றிருந்தார். பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர் ஓடையில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். அக்கா கியரைப் போட்டாள், கட்டை மேல் எழுந்து நின்றாள், முட்டியை இறுக்கினாள்.

"கல்லு! மண்ணு! வேரு! இடது பக்கம் வழி!"

முதல் ஏற்றம் வெண்ணெயாகப் போனது. இரண்டாவது வளைவில் கண் மூடவில்லை. நாத்தனாரைக் கண்டாள், வழியைக் கண்டாள், வலது பக்கம் வளைத்தாள், கல் பின்னால் போயே போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் கத்தியது என்ன வார்த்தை என்று அவளுக்கே நினைவில்லை. ஆனால் அதற்கு மேலே, கடைசி ஏற்றத்தில், நேற்றைய மழை தடத்தை அரித்து வைத்திருந்தது. பின் சக்கரம் சேற்றில் சுழன்றது. வண்டி நின்றது. எஞ்சின் அணைந்தது.

இடது பக்கம் ஓடை வெகு கீழே மின்னியது. கீழேயிருந்து பஸ்காரரின் குரல் மட்டும் வந்தது. "என்னாச்சு?"

அவள் கிளட்சைத் தொடவில்லை. கியர் பிடித்துக்கொண்டது. முன் பிரேக்கை அழுத்தினாள். வண்டியை மேட்டுப் பக்கம் சாய்த்து, இடுப்பால் முட்டுக் கொடுத்தாள். கொஞ்சம் பிடித்தாள், விட்டாள். கொஞ்சம் பிடித்தாள், விட்டாள். எத்தனை தடவை வேண்டுமென்றே தோற்றிருப்பாள்! இது இன்னொரு தடவை, அவ்வளவுதான். வண்டி குறுக்கே திரும்பி நின்றது. பெட்டி அசையவில்லை. கொஞ்ச தூரம் இறங்கி, சமமாக இருந்த இடத்தில் திருப்பி நிறுத்தினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தச் சேற்றை நிதானமாகப் பார்த்தாள். ஓரத்தில், பாறையை ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்குக் காய்ந்த மண் இருந்தது.

"சேறு! சேறு! பாறை! பாறையோரம் வழி!"

குரல் மலையெங்கும் முட்டித் திரும்பியது. முன் சக்கரம் பாறையோரத்தைப் பிடித்தது, பின் சக்கரம் ஒரு நொடி தடுமாறிவிட்டுக் கூடவே வந்தது. கண்ணை அகல விரித்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் முன்னால் போட்டு, அவள் ஏறினாள். மேலே ஆகாயம் தெரிந்தது. ஆகாயத்துக்குக் கீழே வேலி தெரிந்தது. வேலிக்குப் பின்னால் ஆடுகள் தலைதெறிக்க ஓடுவது தெரிந்தது.

"ஊசி அக்கா வந்தாச்சு!" என்று யாரோ கூவினார்கள். அவள் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட மறந்து, அப்படியே பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஐஸ் கட்டி கட்டியாக அப்படியே இருந்தது.

அன்று மேட்டு வீடுகளில் ஊசி போடாத ஆடு ஒன்று மிச்சமில்லை. வேலை முடிந்தும் வெயில் ஏறவில்லை. நடந்து வந்த அன்று இந்த நேரத்துக்குப் பாதி மலைகூட ஏறியிருக்க மாட்டாள். பெட்டிக்குள் கையை விட்டால் சில்லென்றது, மருந்தும் மீதி இருந்தது. டாக்டருக்கு போன் போட்டாள். அவர் பக்கத்து ஆஸ்பத்திரிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த ஆட்டுக்காரரிடம், எதிர் முகட்டில் புகை தெரிகிறதே, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"அங்கயும் நாலு வீடு இருக்கும்மா. நம்ம வீடுங்களவிட ஆடு அதிகம். ஜீப்பு ரோடு இருந்த காலத்துலகூட அந்தப் பக்கம் யாரும் ஊசி கொண்டு போனதில்ல."

"போக வழி?"

"வழியெல்லாம் ஏதும்மா. ஆட்டுத் தடம்தான்."

"அதைத்தான் கேட்டேன். எந்தப் பக்கம்?"

அவர் கை காட்டிய இடத்தில், சரிவில் இறங்கி மறுபடி ஏறும் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. வந்த தடத்தைவிடச் செங்குத்து. அக்கா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். கல் எங்கே, வேர் எங்கே, வழி எங்கே என்று உதடு தானாக முணுமுணுத்தது. பெட்டியை மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டு, அடிவாரத்தில் நிற்கும் கணவருக்கு போன் போட்டாள்.

"என்னங்க, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் அந்தப் பக்கத்து மேட்டுக்கும் போயிட்டு வரேன். நேரம் ஆகும்."

எதிர்முனையில் ஓடை சலசலக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வேண்டாம் என்பார், பார்த்துப் போ என்பார், பிரேக்கு என்பார், என்று அவள் காத்திருந்தாள்.

"பெட்ரோல் இருக்கா?" என்றார் பஸ்காரர்.